டயர் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? கை பட்ட இடத்திலிருந்து தேடுங்கள்

போன மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் என் பைக்குக்குப் பின் டயர் மாற்றினேன். கடையிலிருந்து எடுத்து மவுண்ட் ரோட்டில் ஏறும்போதே மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சைதாப்பேட்டை தாண்டினால் அணைந்துவிடும் என்று நினைத்தேன். கத்திப்பாரா வந்தது, பல்லாவரம் வந்தது, தாம்பரமே வந்துவிட்டது. விளக்கு அப்படியே இருந்தது. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சார், ஏபிஎஸ் யூனிட் போயிருக்கும், மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் நான்கைந்து டயர் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் திறந்து கிடந்தது. ஒயர் தொங்கி, டிஸ்க்கில் உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. சென்சாரை மட்டும் மாற்றினேன், விளக்கு அணைந்தது. அந்த யூனிட் இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது.

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியில், டயர் மாற்றிய அன்றைக்கே விளக்கு எரிந்தால், காரணம் பெரும்பாலும் அந்த வேலையில் கை பட்ட ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கும். யூனிட்டை யாரும் தொடவில்லை. சக்கரத்தைக் கழற்றினார்கள், பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரை நகர்த்தினார்கள், ஒயரை விலக்கினார்கள், ரிம்மிலிருந்து டயரை நெம்பினார்கள். அதே வரிசையில் தேடினால் பாதிப் பேருக்கு வீட்டு வாசலிலேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் பிரேக், அப்புறம் விளக்கு

விளக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் நுழைவதற்காகப் பிரேக் பேடுகளை விரித்திருப்பார்கள். அதனால் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது லீவர் காற்றை அமுக்குவதுபோல உள்ளே போய்விடும். வண்டியை நகர்த்தும் முன்பே முன் லீவரையும் பின் பெடலையும் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். எத்தனை தடவை அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். கேலிப்பர் போல்ட்டுகளும் ஆக்ஸில் நட்டும் முறுக்கப்பட்டிருக்கின்றனவா, பின் ஆக்ஸிலில் நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி போடும் வண்டியாக இருந்தால் அது திரும்பப் போடப்பட்டிருக்கிறதா, பிரேக் ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற உதவி மட்டும் இருக்காது. நம் ஊரில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. மழையில் நனைந்த மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பரப்பிய இரும்புத் தகடு, வழவழப்பான வெள்ளைக் கோடு என்று எதன் மேலும் சக்கரம் ஒரு நொடியில் பூட்டிவிடும். அதனால் சரியாகும் வரை மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

இது உண்மையிலேயே கோளாறா?

சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிவது இயல்பு. வண்டி நின்றுகொண்டிருக்கும்வரை எரிந்துகொண்டே இருப்பதும் இயல்பு. நகர்ந்து ஏறக்குறைய 5 முதல் 10 கிலோமீட்டர் வேகம் வந்ததும், இரண்டு சக்கரமும் ஒழுங்காகச் சுற்றுகின்றன என்று யூனிட் தெரிந்துகொண்டு விளக்கை அணைக்கும். கடை வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பயந்துவிடுகிறவர்கள் நிறைய. முதலில் ஒரு தெரு தூரம் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது, டயர் கடைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒன்று. புது டயர் நேராக ஓடுகிறதா என்று பார்க்க, சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றவிடுவார்கள். முன் சக்கரம் நிற்கிறது, பின் சக்கரம் ஓடுகிறது. இரண்டு சக்கரத்திலும் சென்சார் உள்ள வண்டியில் யூனிட் இதைக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். சில மாடல்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் காக்கும் வசதி) விளக்கும் சேர்ந்து எரியும்.

இதற்கு மருந்து எளிது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, சாலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் சற்று தூரம் நேராக ஓட்டுங்கள். விளக்கு அணைந்து, அடுத்த இரண்டு மூன்று நாளும் வரவில்லை என்றால் வேலை முடிந்தது. மறுபடி வந்தால் மட்டும் கீழே உள்ளதைத் தொடருங்கள்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது

சென்சார் உள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் பற்களோ துளைகளோ கொண்ட ஓர் இரும்பு வளையம் இருக்கும். மெக்கானிக்குகள் ஏபிஎஸ் ரிங் என்பார்கள். டிஸ்க்குக்கு உள்பக்கமாக, ஹப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் எதிரே ஒரு நூலிழை இடைவெளியில் விரல் நுனி அளவுக்குச் சென்சார். துளை, இரும்பு, துளை, இரும்பு என்று மாறிமாறிக் கடப்பதை எண்ணித்தான் சக்கரத்தின் வேகத்தை யூனிட் கணக்கிடுகிறது. எண்ணிக்கை விட்டுப்போனால், தாறுமாறாக வந்தால், அல்லது வராமலே போனால் விளக்கு.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும். அதற்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விட்டார்கள். அதனால் பல ஸ்கூட்டர்களிலும் சிறிய பைக்குகளிலும் இந்த விளக்கே கிடையாது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் பைக்குகளில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. அப்படிப்பட்ட வண்டிக்குப் பின் டயரை மாற்றி விளக்கு எரிந்தால், பின்னால் சென்சார் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத இடத்தில் தேட வேண்டாம்.

ஸ்பீடாமீட்டர் நல்ல துப்புக் கொடுக்கும். பல பைக்குகளில் வேகக் கணக்கும் ஏதாவது ஒரு சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்துதான் போகிறது. விளக்கு எரியும்போது ஸ்பீடாமீட்டரும் 0 காட்டினால், அல்லது முள் துள்ளினால், அது வேகம் எடுக்கிற சக்கரத்தின் சென்சார், ரிங், ஒயர் மூன்றில் ஒன்றுதான்.

ஒயரைப் பின்தொடருங்கள்

சாவியை எடுத்துவிட்டு, சென்சாரில் கிளம்பி எதுவரை ஒயர் போகிறதோ அதுவரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கண்ணால் மட்டும் பார்ப்பது போதாது, அடிப்பக்கம் நசுங்கியிருந்தால் விரலுக்குத்தான் தெரியும். முன்பக்கம் ஒயர் ஃபோர்க்கை ஒட்டிப் பிரேக் ஹோஸுடன் சேர்ந்து மேலே போகும். பின்பக்கம் ஸ்விங் ஆர்மின் மேலே ஓடிச் சீட்டுக்கு அடியில் நுழையும். வழியில் உள்ள ஒவ்வொரு கிளிப்பும் மூடியிருக்க வேண்டும். கேலிப்பருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒயர் மாட்டி நசுங்கியிருக்கிறதா? டிஸ்க், செயின், டயர் எதிலாவது உரசுகிறதா? ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், ஒயர் இழுபடக் கூடாது.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு என்று கடலோரம் வண்டி நிற்கிறவர்களுக்கு உப்புக் காற்று இந்த வேலையைச் செய்யும். மழையில் வேளச்சேரித் தண்ணீருக்குள் ஓட்டிய வண்டிக்கும் அப்படித்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, சொடுக்கென்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். பாதி மாட்டிய கனெக்டர் பள்ளத்தில் விழும்போது மட்டும் விட்டுவிட்டு விளக்கை எரியவைக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கஷ்டம்.

மல்ட்டிமீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தப் புலத்தை உணரும் ஹால் வகைச் சென்சாரில் ஓம் அளந்து நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க முடியாது, உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் எண் குழப்பும். மல்ட்டிமீட்டரை ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ரிங்கும் சென்சார் முனையும்

டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டு, மேலே ஏறி நின்று மிதிப்பதை ரோட்டோரக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் இருக்கிற பக்கம் கீழே போனால், முழுப் பாரமும் டிஸ்க்கின் மேலும் ரிங்கின் மேலும் இறங்கும். அடியில் மரக்கட்டையோ பழைய டயரோ வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கொடுக்கலாம். டயர் லீவர் வழுக்கி ரிங்கில் பட்டாலும் ஒரு பல் வளைந்துவிடும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில், எஞ்சின் ஓடாமல், கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சென்சாரும் ரிங்கும் சந்திக்கும் இடத்தில் பார்வை இருக்கட்டும். இடைவெளி சுற்று முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கி, எதிர்ப்பக்கம் விலகினால் ரிங் வளைந்திருக்கிறது. லேசாக வளைந்த ரிங்கைத் தட்டி நேராக்கித் தருகிறேன் என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். கண்ணுக்கு நேரானதுபோலத் தெரிந்தாலும் வேகம் கூடும்போது எண்ணிக்கை தடுமாறும். ரிங் பெரிய செலவு இல்லை. புதுப்பேட்டையில் பழைய ரிங் வாங்குவதானால் உங்கள் பழைய ரிங்கைக் கையோடு எடுத்துப்போய்த் துளைகளை எண்ணி ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் ரிங்கில் துளை எண்ணிக்கை வேறாக இருந்தால் விளக்கு அணையவே அணையாது.

சென்சாரைக் கழற்றினால் முனையில் கருப்பாகப் பேடு தூளும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டாம். டிஸ்க் பக்கத்தில் இருப்பதால் டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்பிரேயை அங்கே அடிக்கவே கூடாது. பிரேக் வழுக்கிவிடும்.

ஸ்பேசர், பிராக்கெட், இடைவெளி

இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள கைகூடத் தவறுகிறது. ஆக்ஸிலை உருவியதும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பேசர் கீழே விழும். புஷ் என்றும் சொல்வார்கள். பல வண்டிகளில் இடது வலது ஸ்பேசர்களுக்கு நீளம் வேறு. மாற்றிப் போட்டால் சக்கரம் சில மில்லிமீட்டர் ஒருபக்கமாக நகரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்சாருக்கு அந்தச் சில மில்லிமீட்டர் மிகப் பெரிய தூரம். டிஸ்க் கேலிப்பரின் நடுவில் ஓடாமல் ஒருபக்கம் உரசினாலோ, செயின் முன்புபோல நேராக ஓடவில்லை என்றாலோ, முதல் சந்தேகம் ஸ்பேசர் மேல்.

பின் சக்கரத்தில் பெரும்பாலும் சென்சார் உட்கார்ந்திருப்பது கேலிப்பர் பிராக்கெட்டில். அந்தப் பிராக்கெட்டின் பள்ளம் ஸ்விங் ஆர்மில் உள்ள மேட்டில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் ஆக்ஸிலை முறுக்கிவிட்டால் சென்சார் இடம் மாறி விளக்கு எரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிரேக் பிடிக்கும்போது கேலிப்பரே சுழலப் பார்க்கும். அப்படி இருப்பது தெரிந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்திவிடுங்கள், தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லை என்றால், சாதாரண விசிட்டிங் கார்டு மூன்றைச் சேர்த்தால் தோராயமாக ஒரு மில்லிமீட்டர் வரும். அதை நுழைத்துப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான பைக்குகளில் இந்த இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. அளவு தப்பினால் ஏதோ ஒன்று தவறாக மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள், வாஷர் போட்டு ஒப்பேற்றக் கூடாது. ஆக்ஸில் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கச் சொல்லுங்கள். பைப் மாட்டி ஏறி மிதித்தால் பேரிங் போகும், ஆடுகிற பேரிங்கும் இதே விளக்கை எரியவைக்கும்.

டயர் அளவை மாற்றினீர்களா?

ஜி.பி. ரோட்டில் ஒரு சுற்று வந்தால் "இன்னும் கொஞ்சம் அகலமா போடுங்க, வண்டி லுக்கா இருக்கும்" என்று ஆசை காட்டாத கடை குறைவு. அகலம் கூடும்போது உயரமும் மாறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கணக்கு எளிது. 140/70-17 என்றால் டயரின் பக்கச்சுவர் 140-இல் 70 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 196. ரிம் 17 அங்குலம், 431.8 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 627.8. அதற்குப் பதில் 150/60-17 போட்டால் 180-உம் 431.8-உம் சேர்ந்து 611.8. அகலமான டயர், ஆனால் 16 மில்லிமீட்டர் குட்டை, ஏறக்குறைய இரண்டரை சதவீதம். ஒரு கிலோமீட்டருக்கு அந்தச் சக்கரம் அதிகமுறை சுற்றும். வேகம் பின் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டியில் ஸ்பீடாமீட்டர் கூடுதலாகக் காட்டும்.

முன்னும் பின்னும் சுற்றும் விகிதத்தில் சின்ன வித்தியாசத்தை ஏபிஎஸ் பொறுத்துக்கொள்ளும். வித்தியாசம் கூடக்கூட, அதுவும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில், பின் சக்கரம் வழுக்குகிறது என்று தப்பாக எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். நகருக்குள் வராமல் ஓ.எம்.ஆர், ஈ.சி.ஆர் வேகத்தில் மட்டும் விளக்கு வருகிறது என்றால், மற்றதையெல்லாம் பார்த்தபின் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்பெனி கொடுத்த அளவுக்குத் திரும்புவதே என் பரிந்துரை.

பேட்டரி, ஃபியூஸ், மற்ற விளக்குகள்

டயர் மாற்றும் அரைமணி நேரமும் சாவி ஆனிலேயே இருந்திருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். வோல்டேஜ் குறைந்தாலும் ஏபிஎஸ் யூனிட் ஒதுங்கிக்கொண்டு விளக்கை ஏற்றும். எஞ்சின் அணைந்த நிலையில் நன்கு சார்ஜ் ஆன பேட்டரி 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12-ஐ ஒட்டி நின்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். ஏபிஎஸ் ஃபியூஸ்களையும் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், அதுவும் உடனே போனால் ஒயர் எங்கோ ஷார்ட் ஆகிறது.

டயர் காற்று விளக்கு வரும் வண்டிகளில் விஷயம் வேறு. வால்வு மூடியாகத் திருகும் சென்சார் என்றால் முன்னதைப் பின்னால் மாட்டியிருப்பார்கள், அல்லது கடையிலேயே விட்டிருப்பார்கள். பிஎம்டபிள்யூ போன்ற பைக்குகளில் சென்சார் ரிம்முக்குள் வால்வோடு இருக்கும், டயர் லீவரை வால்வுக்குப் பக்கத்தில் நுழைத்தால் உடையும். வண்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகம் வந்தபிறகுதான் அளவைச் சொல்லும், நிற்கும்போது எண்ணுக்குப் பதில் வெறும் கோடு (--) காட்டினால் கவலை வேண்டாம். காற்றை வண்டி ஆறியிருக்கும்போது அளந்து நிரப்புங்கள். நம் ஊர் மே மாத மதியத்தில் ஓட்டி முடித்து அளந்தால் எண் கூடத்தான் காட்டும்.

எஞ்சின் விளக்குக்கும் டயருக்கும் நேரடி உறவு குறைவு. வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து விழுந்திருந்தால் சாய்வுச் சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும், நிமிர்த்திச் சாவியை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கியர் போட்டால் எஞ்சின் அணைகிறது என்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்சில் ஒயர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் எதையும் ஆராயாமல் எஞ்சினை அணையுங்கள்.

இன்னும் அணையவில்லை என்றால்

வண்டியின் பிழைக் குறியீடுகளைப் (மெக்கானிக்குகள் 'கோடு' என்பார்கள்) படிக்கும் ஸ்கேனர் போட வேண்டும். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த பல பைக்குகளில் சீட்டுக்கு அடியில் 6 பின் கொண்ட கனெக்டர் இருக்கும். ஆன்லைனில் வாங்கும் விலை குறைந்த புளூடூத் ஸ்கேனர்கள் எஞ்சின் கோடுகளைப் படிக்கும், ஏபிஎஸ் யூனிட்டுடன் பேசாதவை அதில் நிறைய. அதனால் உங்கள் மாடலுக்கான ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்துக்குப் போவது நல்லது. 'பி' (P) என்று தொடங்கும் கோடு எஞ்சின் பக்கம், 'சி' (C) பிரேக், சேஸிஸ் பக்கம், 'யூ' (U) என்றால் யூனிட்டுகளுக்கு இடையே தகவல் போகவில்லை. கோடை அழிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரச் சென்சார் சிக்னல் வரவில்லை என்று கோடு சொல்லும்போது யூனிட்டை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. சில மாடல்களில் கோளாறைச் சரிசெய்த பிறகும் ஸ்கேனரில் அழித்தால்தான் விளக்கு போகும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

டயர் மாற்றிய கடைக்குத் திரும்பப் போகிறவர்கள் சண்டையோடு ஆரம்பிக்க வேண்டாம். "அண்ணே, பின் சக்கரத்தைக் கழட்டும்போது சென்சாரைக் கழட்டினீங்களா, ஒயரை மட்டும் விலக்கினீங்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். விளக்கின் பல்பை எடுத்துவிடுகிறேன், ஒயரை வெட்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, உங்கள் ஏரியாவில் ஆளில்லாத நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எத்தனையாவது மீட்டரில் அணைகிறது, ஸ்பீடாமீட்டர் சீராக ஏறுகிறதா, பிரேக்கை மெல்லப் பிடிக்கும்போது லீவர் காரணமில்லாமல் துடிக்கிறதா என்று கவனியுங்கள். மெதுவாக நிறுத்தும்போதே துடித்தால் ரிங் இன்னும் சரியில்லை. ஏபிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓங்கிப் பிடித்துப் பார்ப்பதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், முதல் 150 கிலோமீட்டராவது ஓடி அது சொரசொரப்பாகட்டும். அந்தத் தூரம் முடிந்ததும் ஆக்ஸில் நட்டையும், சென்சார் போல்ட்டையும், ஒயர் கிளிப்புகளையும் இன்னொரு தடவை கைவைத்துப் பார்த்துவிடுங்கள்.